மெத்தைக்கடை மேஜரும் ராணுவம் கழித்த ஜீப்பும்

துப்பாக்கியைக் கையால்கூடத் தொடாமல் ஒரு தெருவையே சரணடைய வைத்த மேஜர் இந்தத் தேசத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார்.

ராணுவத்துக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், எனக்கும் ஒலிம்பிக் ஓட்டப் பந்தயத்துக்கும் உள்ள சம்பந்தம்தான். பரம்பரையாக இலவம்பஞ்சு வியாபாரம். தலையணை, மெத்தை, திண்டு. எறும்பு கடித்தால்கூட இரண்டு நாள் அதைப் பற்றியே பேசுகிற மனிதர். அவருக்கு மேஜர் பட்டம் கொடுத்தது சர்க்கார் இல்லை, எங்கள் தெரு. ராணுவம் ஓட்டி ஓட்டி இனி ஆகாது என்று ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை அவர் வாங்கி வந்த அன்றைக்கே அந்தப் பதவி உயர்வு நடந்துவிட்டது.

நான் அப்போது மாமியாரோடும் கைக்குழந்தையான மகளோடும் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை என்பதால் அவர் மேஜரின் படையில் சேராமல் தப்பித்துக்கொண்டார். நான் மாட்டிக்கொண்டேன்.

ஜீப் என்றால் ஓடி வரும் என்று நினைத்துத் தெருவே வாசலில் நின்றது. அது ஒரு லாரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்தது. இறக்குவதற்குள் லாரிக்காரருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கேட்டே விட்டார்.

"என்னா சார், இது ஓடுமா?"

"என்னாங்க இப்படிக் கேட்டுட்டீங்க? யுத்தத்துல ஓடின வண்டிங்க இது!"

"எந்தப் பக்கமா ஓடிச்சு?"

மேஜர் அந்த ஆளோடு ரொம்ப நாள் பேசவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று கேட்டால், மலருக்காக. மலர் அவருடைய அக்கா மகள். அக்கா புருஷன் மலர் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் மேஜர்தான் இரண்டு வீட்டுக்கும் ஆம்பிளை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மலர் சின்னப் பெண்ணாக இருக்கும்போது குடியரசு தினத்தன்று மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். திறந்த ஜீப்பில் யாரோ ஒரு அதிகாரி விறைப்பாக நின்றுகொண்டு போவதைப் பார்த்துவிட்டு அந்தக் குழந்தை, "மாமா, என் கல்யாணத்துக்கு நான் அதுலதான் போவேன்" என்று சொல்லியிருக்கிறது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? சரிடா கண்ணு என்று சொல்லிவிட்டு ஐஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவோம். இந்த மனுஷன் மனசில் வைத்துக்கொண்டார். மலர் படித்து முடித்து, வங்கியில் வேலைக்குப் போய், சிதம்பரத்தில் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று பேச்சு வந்ததுமே ஏலத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவருடைய அக்கா பக்கத்து வீட்டில்தான் இருந்தார். ஜீப்பைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். டயரை ஒரு உதை உதைத்தார்.

"தம்பி, இத எத்தன நாளு வேணாலும் வெச்சு அழுவு. நான் கேக்க மாட்டேன். ஆனா என் பொண்ணு கல்யாணத்துல இது தல காட்டுச்சின்னா நடக்குறதே வேற. சம்பந்தி வூட்டுல சிரிச்சாங்கன்னா அந்தச் சிரிப்பு என் காலத்துக்கும் நிக்கும்."

மேஜர் குனிந்து அக்கா உதைத்த டயரைத் துடைத்தார். மலர் மட்டும் ஜன்னல் வழியாக மாமாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

ஒரு வழியாக வண்டி ஓட ஆரம்பித்த அடுத்த நாள் காலையிலிருந்து எங்கள் தெருவின் நிம்மதி போயிற்று. வண்டியோடு எப்படியோ ஒரு பராமரிப்புப் புத்தகமும் வந்து சேர்ந்திருந்தது. ராணுவத்தில் வண்டியைத் தினமும் மூன்று தடவை பரிசோதிப்பார்களாம். கிளம்புவதற்கு முன் ஃபர்ஸ்ட் பரேடு. வழியில் நிறுத்தி ஹால்ட் பரேடு. திரும்பி வந்ததும் லாஸ்ட் பரேடு. மேஜர் ஒன்றையும் விடவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். அதற்கு நடுவிலும் ஒரு ஹால்ட் பரேடு உண்டு. பாதித் தெருவில் வண்டியை நிறுத்தி, இறங்கி, நான்கு டயரையும் தட்டிப் பார்த்து, கீழே குனிந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மறுபடி ஏறுவார். பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தானே போகிறீர்கள், ஏறுங்கள் டீச்சர் என்று அவர் கூப்பிட்டது அன்பினால்தான். நான் ஏறியது என் தலையெழுத்தினால். அந்த இருக்கை இருக்கிறதே, அதை இருக்கை என்று சொல்வது தமிழுக்குச் செய்கிற துரோகம். தகரத்தின் மேல் ஒரு கித்தான் துணி, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் மெத்தை தைத்துக் கொடுக்கிறவர், தன் வண்டியில் ஒரு சின்னத் திண்டுகூடப் போட மாட்டேன் என்று விட்டார்.

"ஏன் சார், கடை நெறைய வெச்சிருக்கீங்களே, ஒண்ணு எடுத்துப் போட்டா என்ன?"

"ஒரிஜினாலிட்டி போயிடும் டீச்சர்."

ஆனால் வியாபாரத்துக்கு இது ஒத்துக்கொண்டது. அந்த ஜீப்பில் ஒரு தடவை ஏறினவர்கள் எல்லோரும் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் கடைக்கே மெத்தை வாங்க வந்தார்கள். நானே இரண்டு தலையணை வாங்கினேன்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பதிவு மாற்றப் போனபோது அடுத்த சிக்கல். அந்த ராணுவப் பச்சை ராணுவத்துக்கு மட்டும்தான், சாதாரண ஜனங்கள் அந்த நிறத்தில் வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மேஜர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வாசற்படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதிக் காபியில் திடீரென்று முகம் மலர்ந்தது.

"டீச்சர், தரைப்படை வேணாம்னாங்கல்ல? கடற்படை இருக்குதுல்ல!"

வண்டிக்கு நீலம் அடித்துவிட்டார். பெயிண்டர் எந்த டப்பாவிலிருந்து எடுத்தாரோ, அது கடல் நீலமாகவும் இல்லை, வான நீலமாகவும் இல்லை. தண்ணீர் லாரிக்கு அடிக்கிற நீலம். முதல் நாள் அடுத்த தெருவுக்குள் நுழைந்ததுமே நாலைந்து பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மேஜர் விறைப்பாக உட்கார்ந்து, "இது ராணுவ வண்டிம்மா" என்றார். "அது இருக்கட்டும், எங்க தெருவுக்கு எப்ப வுடுவீங்க?" என்று கேட்டார்கள். அவர் "சாயங்காலம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் கடையைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கடலூரில் மழை என்றால் எப்படி என்று உங்களுக்கே தெரியும். தெருவில் முட்டியளவு தண்ணீர். ஆனாலும் எங்கள் தெருவாசிகள் முகத்தில் ஒரு தைரியம். மேஜர் வண்டி இருக்கிறதே! ஆற்றில் இறங்கி அக்கரை ஏறுகிற வண்டி என்று அவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாரே! வாசலில் போய்ப் பார்த்தால் வண்டியையும் காணோம், மேஜரையும் காணோம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பால் வாங்கித் திரும்பும்போது கண்டுபிடித்தேன். மேம்பாலத்தின் உச்சியில், மூன்று தார்ப்பாய் போர்த்திய ஜீப்புக்குப் பக்கத்தில், குடை பிடித்துக்கொண்டு காவலுக்கு நிற்கிறார்.

"என்ன சார் இது, தெருவே தண்ணியில நிக்குது, நீங்க இங்க நிக்கறீங்க?"

"நனைஞ்சா துரு புடிச்சிடும் டீச்சர்."

"ஆத்துக்குள்ளயே எறங்குற வண்டின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது கவர்மெண்ட் வண்டியா இருந்தப்ப டீச்சர். இப்ப என் வண்டி."

எனக்கு வந்த கோபத்தில் பால் பாக்கெட்டை எறிந்திருப்பேன். பால் கிடைப்பதே கஷ்டமாக இருந்ததால் எறியவில்லை.

இதற்கிடையில் மலருக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை சிதம்பரம். கல்யாணம் திங்கட்கிழமை, முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை பெண்ணழைப்பு. பெண்ணை அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டார் ஏசி கார் அனுப்புவதாக ஏற்பாடு. மேஜர் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் தயார் செய்ய ஆரம்பித்தார். சரியாக அந்த வாரம் பார்த்து கியர் போடுகிற இடத்தில் ஒரு பின் தேய்ந்துபோனது. அந்த வண்டிக்கு உதிரி பாகம் கிடைப்பது என்பது குதிரைக்குக் கொம்பு தேடுகிற வேலை. கடைசியில் முதுநகர் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுக்கு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக் ஒருவரைப் பிடித்து வந்தார். அவர் படகில் போடுகிற பின் ஒன்றை அரத்தால் தேய்த்து, சுத்தியலால் நாலு போடு போட்டு உள்ளே ஏற்றினார்.

"சார், ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. முன்னாடி போற கியரெல்லாம் நல்லா வுழுவுது. ரிவர்ஸ் மட்டும் போடாதீங்க. போட்டா வுழுந்துடும், அப்புறம் வெளிய வராது."

"ராணுவ வண்டி எதுக்குப்பா பின்வாங்கணும்?" என்றார் மேஜர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் பூ ஜோடித்த ஏசி கார் நிற்கிறது. அதற்குப் பின்னால், நீல ஜீப் இரண்டு வாழைக்கன்றைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி பார்த்துப் பல்லைக் கடித்தார். மலர் பட்டுப்புடவையும் நகையுமாக வெளியே வந்தாள். காரின் கதவை டிரைவர் திறந்து பிடித்தார். அவள் அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நேராக நடந்து போய், புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, ஜீப்பின் பின்னால் ஏறிவிட்டாள்.

"ஏய் மலரு! எறங்குடி கீழ!"

"அம்மா, நான் மாமா வண்டியிலதான் வருவேன். நீங்க அந்த வண்டியில போங்க."

தெருவே பார்க்கிறது. கத்தவும் முடியாது, விடவும் முடியாது. அக்கா மேஜர் பக்கத்தில் வந்து, பல்லிடுக்கில் பேசினார்.

"தம்பி, நல்லா கேட்டுக்க. நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி என் பொண்ணு மண்டபத்துல கால் வெக்கணும். வெக்கலைன்னு வெச்சுக்க, இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கெடையாது. சம்பந்தி வூட்டுக்காரங்களுக்கு நேரம் காலம்லாம் ரொம்ப ஜாஸ்தி."

மேஜரின் முகத்தில் ரத்தம் இல்லை. அக்கா அப்படிச் சொன்னால் செய்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். வழித்துணைக்கு நான் முன்னால் ஏறினேன். மலர் பின்னால் சீர் பெட்டி மேல் எங்களுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். முன்பக்கம் பார்த்தால் காற்றில் தலைப்பூ கலைந்துவிடும் என்று அப்படி ஒரு ஏற்பாடு.

ஆலப்பாக்கம் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் போனது. அங்கே ஓரம் கட்டி நிறுத்தினார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல டீச்சர். ஹால்ட் பரேடு."

"சார்! ராகு காலம்!"

"பரேடு பாக்காம ஓட்டி வழியில நின்னுட்டா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது? எறங்குங்க."

மணப்பெண் எந்த மறுப்பும் சொல்லாமல் இறங்கி, நகையும் வளையலும் குலுங்க நான்கு டயரையும் தட்டிப் பார்த்து, "டயர் ஓகே மாமா" என்றாள். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வண்டிக்குக் கீழே பார்ப்பது என் வேலை.

"என்னா தெரியுது டீச்சர்?"

"ஒரு ஆடு தெரியுது சார்."

"நம்ம ஆடா?"

"நமக்கு எங்க சார் ஆடு இருக்குது?"

அது எங்கள் வண்டி நிழலில் வந்து படுத்த ஆடு. எழுந்திருக்க மாட்டேன் என்றது. வாழைக்கன்றிலிருந்து ஒரு இலையைக் கிழித்துக் காட்டித்தான் அதை வெளியே இழுத்தோம். புதுச்சத்திரத்தில் இன்னொரு பரேடு. பி.முட்லூரில் இன்னொன்று. அதற்குள் அக்காவின் ஏசி கார் சிதம்பரம் போய்ச் சேர்ந்து, எனக்கு இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் வந்துகொண்டிருந்தது. "எங்க வர்றீங்க டீச்சர்?" என்று அக்கா கேட்கக் கேட்க, நான் கூச்சமே இல்லாமல் "இதோ வந்துட்டோம்" என்று புளுகிக்கொண்டே வந்தேன்.

சிதம்பரம் தெற்கு வீதிக்குள் நுழைந்தபோது நாலுக்கு மேல் ஆகிவிட்டது. மண்டபத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பிள்ளையார் கோவில். பெண் முதலில் அங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து மேளதாளத்தோடு மண்டபத்துக்குத் திரும்பி வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கூட்டம் அங்கே காத்திருந்தது. மலர் கும்பிட்டாள், மறுபடி ஏறிச் சீர் பெட்டி மேல் உட்கார்ந்தாள். நாதஸ்வரக்காரர்கள் தயார். இனி வண்டியை மண்டபம் பக்கமாகத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த ஜீப்பைத் திருப்புவதற்குச் சிதம்பரம் தேரோடும் வீதியே பத்தாது. முன்னால் போய், வளைத்து, அவசரத்தில் மேஜர் ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டார்.

விழுந்தது. அப்புறம் வெளியே வரவில்லை.

இழுத்தார், குத்தினார், இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். படகு பின் அசையவே இல்லை. பின்பக்கம் மண்டபத்தைப் பார்த்தபடி, முன்பக்கம் எதிர்த்திசையைப் பார்த்தபடி வண்டி நடுவீதியில் உறுமிக்கொண்டு நின்றது. அக்கா ஓடி வந்தார். பின்னாலேயே ஏசி காரும் வந்தது.

"எறங்குடி! கார்ல ஏறு!"

மேஜர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார். "போ பாப்பா. அம்மா சொல்றத கேளு. மாமாவால ஆவல" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மலர் அசையவில்லை.

"மாமா, பின்னாடியே வுடுங்க."

"பொண்ணு பின்னாடி போவக்கூடாது பாப்பா. அபசகுனம்."

"நான் எங்க பின்னாடி போறேன்? நான் மண்டபத்தப் பாத்துத்தான் ஒக்காந்துனு இருக்கேன். எனக்கு இதான் முன்னாடி. நீங்கதான் பின்னாடி வர்றீங்க. வுடுங்க மாமா!"

கணக்கு டீச்சர் என்கிற முறையில் யோசித்துப் பார்த்தேன். பெண் சொல்வது சரிதான். வண்டிக்கு இருக்கிற திசை வேறு, பெண்ணுக்கு இருக்கிற திசை வேறு. நான் குதித்து இறங்கி, "வாங்க சார், நான் சொல்றேன், வாங்க!" என்று கையைக் காட்டினேன்.

மேஜர் கழுத்தை முழுசாகத் திருப்பிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார். நான் பஸ் கண்டக்டரையெல்லாம் தோற்கடித்தேன். "வா வா வா... லெஃப்ட்டு ஒடிங்க... மாடு, மாடு... ரைட்டு வா..." நாதஸ்வரக்காரர் முதலில் சிரித்து சுருதி தப்பினார், அப்புறம் சமாளித்துக்கொண்டு கல்யாணி ராகத்தைப் பிடித்தார். மேளம் முன்னால் போக, அதற்கு அடுத்தாற்போல் மலர் ஊரைப் பார்த்து நேருக்கு நேராகச் சிரித்துக்கொண்டு வந்தாள். அவளை மறைக்கக் கண்ணாடி இல்லை, பானெட் இல்லை, டிரைவர் தலை இல்லை. கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம், "இது புதுசா வந்திருக்கிற வண்டியாம்மா? பொண்ணு அழைக்கறதுக்குன்னே செஞ்சதா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எந்த நேரமும் அந்தச் சிரிப்பு வரும் என்று.

"எத்தினி பொண்ணழைப்பு பாத்திருக்கேன்," என்றார் அந்த அம்மா. "எல்லாப் பொண்ணும் காருக்குள்ள தலய குனிஞ்சிக்கினு வரும். மொகமே தெரியாது. இப்பிடி மகாலட்சுமி மாதிரி நேரா பாத்துக்கினு வர்றத இன்னிக்குத்தான் பாக்குறேன். யாரு யோசன இது?"

"என் தம்பி," என்றார் அக்கா. அவருக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

ராகு காலத்துக்கு முன்னால் மலர் உள்ளே கால் வைத்தாள். ஆரத்தி எடுத்து முடித்ததும் அக்கா அந்தத் தட்டோடு ஜீப்பைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். மேஜர் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆரத்தி நீரைத் தொட்டு அவர் நெற்றியில் வைத்தார்.

"தம்பி, ஏன் அந்தப் பக்கமே பாக்குற? எம்மேல கோவமா?"

"இல்லக்கா. கழுத்து திரும்ப மாட்டேங்குது."

கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் தாய்மாமன் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகூர்த்தத்தில் மாலை எடுத்துக் கொடுக்கும்போதுகூட. அதற்கப்புறம் சிதம்பரத்திலிருந்து இரண்டு மூன்று பேர், "பின்னால ஓடுற அந்த நீல வண்டி வாடகைக்குக் கெடைக்குமா?" என்று கடைக்கே தேடி வந்தார்கள். அது மலருக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அடுத்த ஆவணியில் என் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடி வேண்டுமே, யாரை உட்கார வைக்கப் போகிறாய் என்று என் மாமியார் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. கீழே போய் மேஜரை அழைத்துக்கொண்டு வந்தேன். வேட்டி புதுசு, கையில் மட்டும் கிரீஸ். ஆசாரி ஊசியை எடுத்தார். என் மகள் ஒரு சத்தமும் போடவில்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேஜர்தான் அழுதார். "போதும் அண்ணே, ஆயிடுச்சு" என்று நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.